சொசேஜ் பொதியும் நிரந்தர வேலையும்

தொண்ணூறுகளில் ஆறு வருடம் நான் ஒரு ஜெர்மன் கல்லூரியின் விளையாட்டுக்காகப் பிச்சை எடுத்தேன். பிச்சை என்று சொன்னால் எங்கள் பொறுப்பாளருக்குப் பிடிக்காது. ‘ஆதரவாளர் தேடல்’ என்று சொல்லவேண்டும் என்பார். முன்பின் தெரியாத ஒருவரின் கடைக்குள் போய், எங்கள் பெண்கள் அணிக்குச் சப்பாத்து வாங்கித் தாருங்கள் என்று கேட்பதற்குத் தமிழில் வேறு என்ன சொல் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. களைத்துப்போகிற வேலை அது. கால் களைத்தாலும் பரவாயில்லை, முகம் களைத்துப்போகும். ஒரு நாளில் எட்டுக் கடைக்காரருக்குச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பிள்ளைகளுக்குச் சிரிக்க ஒன்றும் மிச்சம் இராது.

கல்லூரி பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம் தள்ளி, ஒரு சின்ன நகரத்தில் இருந்தது. முதலில் நான் அங்கே உள்ளரங்கம் கழுவப் போனவள். கழுவுகிறவளிடம்தான் எல்லாச் சாவியும் இருக்கும். வலைக்கம்பங்கள் எந்த அறையில் இருக்கின்றன, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பு எங்கே போனது, நீச்சல் வகுப்பு ஏன் மாறியது என்று எல்லாரும் என்னிடமே வந்து கேட்பார்கள். இரண்டாவது வருடம் அலுவலகத்தில் இருந்த பெண் பிள்ளைப்பேற்று விடுமுறையில் போனார். பொறுப்பாளர் என் கையிலிருந்த தும்புத்தடியை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, “நாளை முதல் நீங்கள் மேசையில் இருங்கள்” என்றார். அந்த ஒரு காரியத்துக்காக இன்றைக்கும் அவரை நான் முழுதாக வெறுக்க முடியாமல் இருக்கிறேன்.

அவர் இளமையில் ஹாண்ட்போல் ஆடியவர். முழங்கால் போனபிறகு நிர்வாகத்துக்கு வந்தவர். மனைவி பிரிந்துபோய்விட்டதால் மூன்று வேளையும் மேசையிலேயே சாப்பிடுவார். மேசை லாச்சியில் மாணவர்களின் மருத்துவச் சான்றிதழ்களுக்கு நடுவே, தொட்டுக்கொள்ள ஒரு மஸ்ரட் குழாய் எப்போதும் கிடக்கும். பொல்லாத மனிதர் என்று சொல்லமாட்டேன். ஒருவரோடும் முகம் முறிக்க விரும்பாதவர். அப்படியானவர்களால் வருகிற கரைச்சல், பொல்லாதவர்களால் வருவதைவிடக் கூட என்று பிறகுதான் படித்தேன்.

அந்த வருடங்களில் அரசாங்கம் கல்லூரிகளுக்குக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தது. முதலில் கைவைத்தது விளையாட்டில். அணிகளுக்கு ஜேர்சி, பயணத்துக்கு பஸ், இலையுதிர்கால ஓட்டத்துக்குப் பரிசுகள் எல்லாவற்றையும் ஊர்க்கடைகளிடமிருந்து நாங்களே பெறவேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பொறுப்பாளர் அழகான தாளில் எழுபது, எண்பது கடிதங்கள் அனுப்புவார். பதிலுக்கு இரண்டு வரும். இரண்டும் மன்னிப்புக் கேட்டு வரும்.

“கடிதத்துக்கு யார் தருவார்கள்? நேரில் போனால்தானே தருவார்கள்” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் கல்லூரி வலைப்பந்தாட்ட அணிக்கு நான் தலைவியாக இருந்தவள். விளையாட்டுப் போட்டி வந்தால் காசு சேர்க்கிற கொப்பியோடு கடைகடையாக ஏறியிறங்கியது நாங்கள்தான். வாய் திறந்த குற்றத்துக்கு அந்த வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.

என் முறை ஒன்றுதான். முதல் தரம் போனால் ஒன்றும் கேட்கக்கூடாது. ஒரு பாண் வாங்கவேண்டும், பூட்டுக்கு ஒரு திறப்பு வெட்டவேண்டும், கதைக்கவேண்டும். இரண்டாவது தரம் கையில் எதையாவது கொண்டுபோகவேண்டும். நான் கடலை வடை கொண்டுபோவேன். மூன்றாவது தரம், எல்லாம் கதைத்து முடித்து விடைபெற்று, கதவில் கைவைக்கிற நேரத்தில் திரும்பி, “ஒரு சின்ன விஷயம்” என்று தொடங்கவேண்டும். ஜெர்மன்காரருக்கு இந்தச் சுற்றுவழி விளங்காது என்று பொறுப்பாளர் அடித்துச் சொன்னார். கண்ணாடிக் கடைக்காரர் நீச்சல் அணிக்கு முழுச் செலவையும் ஏற்றபிறகு அவர் வாயை மூடிக்கொண்டார்.

இறைச்சிக்கடை முதலாளியையும் அப்படித்தான் பிடித்தேன். மலைபோல ஒரு மனிதர், சிவந்த கை, மெல்லிய குரல். பிள்ளைகள் இல்லை. மனைவி கல்லாவில் இருப்பார். எங்கள் வீட்டில் ஆடு, கோழி, மீன் எல்லாம் சமைப்போம். மாடும் பன்றியும் அடுப்பில் ஏறியதில்லை. அந்தக் கடைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, என் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மூன்று தரம் கதைத்து, பெண்கள் ஹாண்ட்போல் அணிக்கு ஜேர்சி வாங்கினேன். ஜேர்சியின் நெஞ்சில் அவருடைய கடையின் சின்னம் இருந்தது, முடி சூடிய ஒரு பன்றி. பெட்டைகள் முதல் நாள் போடமாட்டோம் என்று நின்றார்கள். அந்த வருடம் நன்றாக வென்றதும் தங்களைத் தாங்களே முடிசூடிய பன்றிகள் என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

மூன்றாவது தரம் விடைபெறும்போது முதலாளி கல்லாவைச் சுற்றிக்கொண்டு வாசல்வரை வந்தார். வெள்ளைத் தாளில் சுற்றிய ஒரு பொதியை என் கையில் வைத்தார். “பிள்ளைகளுக்கு” என்றார். ஐந்து கிலோ இருக்கும், விதவிதமான சொசேஜ்.

வாசலில் வைத்துக் கையில் தருகிற சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பழக்கமில்லை. வேண்டாம் என்றால், உங்கள் வீட்டுச் சாப்பாடு எங்களுக்கு ஆகாது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னேன்.

என் கணவர் ஒரு பீட்சாக் கடையில் வேலை செய்தார். அன்றைக்கு அவர் பொதியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார்.

“இதை ஏன் வீட்டை கொண்டு வந்தனீர்?”

“வேண்டாமெண்டு சொல்லேலாமல் போச்சு.”

“இனி வந்தால் அங்கையே ஆருக்கும் குடுத்திட்டு வாரும்.”

அந்த முதல் பொதியை அவர் தன்னோடு வேலை செய்த போலந்துக்காரருக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் எங்கள் பொறுப்பாளருக்குப் போயின. மாதம் ஒரு தரம் நான் நன்றி சொல்ல அந்தக் கடைக்குப் போவேன். முதலாளி வாசல்வரை வந்து பொதியைத் தருவார். நான் அலுவலகத்துக்கு வந்து அதைப் பொறுப்பாளரின் மேசையில் வைப்பேன். அவர் லாச்சியைத் திறந்து மஸ்ரட் குழாயை எடுப்பார். கோடைகாலத்தில் தோட்டத்தில் நெருப்பு மூட்டிச் சுடுவதற்கென்று மிச்சத்தை வீட்டுக்கும் கொண்டுபோவார். “இந்த மாதம் இன்னும் போகவில்லையா?” என்று அவரே கேட்ட நாட்களும் உண்டு.

முதலாளி ஒவ்வொரு தரமும், “பிள்ளைகளுக்குப் பிடித்ததா?” என்று கேட்பார். “நல்லாய்ப் பிடித்தது” என்று சொல்வேன். அந்தப் பொய் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கனத்தது. ஆனால் ஒருவர் ஆசையோடு தருவதை என் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று எப்படிச் சொல்வது?

இதற்கிடையில் என் வேலை ஒவ்வொரு வருடமும் ஒரு வருடத்துக்கென்றுதான் எழுதப்பட்டது. எங்கள் விசாவோ ஆறு மாதத்துக்கு ஒரு தரம். விடிய ஐந்து மணிக்கு, வெளிநாட்டவர் அலுவலகத்தின் வெளியே, இரண்டு பிள்ளைகளையும் போர்வையில் சுற்றி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கவேண்டும். கணவரின் வேலையை அவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. பீட்சாக் கடை முதலாளி அவரைப் பாதி நேரக்காரர் என்றுதான் எழுத்தில் காட்டியிருந்தார். ஒருநாள் அங்கே இருந்த அதிகாரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னிடம் சொன்னார்: “உங்கள் கல்லூரியிலிருந்து நிரந்தர ஒப்பந்தத்தைக் கொண்டுவாருங்கள். நான் உங்கள் குடும்பத்துக்கு நிரந்தர விசாவுக்கு எழுதுகிறேன்.” அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பில்லை. அந்த ஒரு தாளுக்காகத்தான் எட்டுக் கடைக்குச் சிரித்தேன், இரவல் வாங்கிய ஜெர்மன் அகராதியோடு பஸ் ஒப்பந்தங்களைப் படித்தேன், காய்ச்சலோடும் வேலைக்குப் போனேன்.

நான் மேசைக்கு வந்த ஐந்தாவது வருடம் பொறுப்பாளர் என்னை நிரந்தரமாக்கச் சொல்லி அன்ராக் என்கிற விண்ணப்பம் எழுதினார். நல்லபடியாகவே எழுதினார். அது வேலையாட்களைப் பார்க்கும் ஆளணிப் பிரிவுக்குப் போய்விட்டது, கையெழுத்துத்தான் பாக்கி என்றார். வீட்டில் சொன்னபோது கணவர் பிள்ளைகளுக்குக் கோழி பொரித்தார்.

அடுத்த மாதம் புது ஜேர்சி கொடுக்கும் வைபவம். பத்திரிகைக்காரர் படம் எடுக்க வந்திருந்தார். கல்லூரியின் நிர்வாகத் தலைவரும் வந்திருந்தார். இறைச்சிக்கடை முதலாளி ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தரம் ஒலிவாங்கி பிடிக்கிறவர் மாதிரி தட்டித் தடுமாறிப் பேசினார். இவ்வளவும் இந்தப் பெண்ணால்தான் என்று என்னைக் காட்டினார். “ஒவ்வொரு மாதமும் வருவார். நானும் பிள்ளைகளுக்கென்று ஐந்து கிலோ கொடுத்துவிடுவேன். இத்தனை வருடத்தில் ஒரு தரம்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை!” என்றார்.

எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். நிர்வாகத் தலைவர் கைதட்டவில்லை. அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்ததை நான் கண்டேன். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. முதலாளி என்னைப் புகழ்ந்ததில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன்.

அரச சம்பளம் வாங்குகிறவர் வெளியாரிடம் எதையும் கைநீட்டி வாங்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று நான் கையெழுத்திட்ட பதினொரு தாள்களில் அதுவும் ஒன்று. பதினொன்றையும் வாசிக்காமல் கையெழுத்திட்டேன். ஆளணிப் பிரிவிலிருந்து நேரில் வரச்சொல்லி ரெர்மின் வந்தது, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

அறையில் மூன்று பேர் இருந்தோம். ஆளணி அதிகாரி ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். பக்கத்தில் எங்கள் பொறுப்பாளர். மேசையில் இரண்டு கோப்புகள். ஒன்று திறந்திருந்தது. அதன் மேல்தாளில் என் பெயரும் ‘நிரந்தர’ என்ற சொல்லும் தட்டச்சில் தெரிந்தன. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு வெறுமையாகக் கிடந்தது.

“அந்தப் பொதிகளை வாங்கினீர்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஓம்” என்றேன்.

“அவை எங்கே போயின?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு ஆளுக்குத் தின்னக் கொடுத்துவிட்டு, பிறகு நாலு பேருக்கு முன்னால் நீ தின்றாய் என்று சொல்லிக்காட்டுவது போல ஒரு கீழான காரியம் எங்களுக்குள் வேறில்லை. அதுவும் எனக்கு மேலே இருக்கிற மனிதர், என்னைக் கூட்டுமாறிலிருந்து மேசைக்குக் கொண்டுவந்தவர். இப்படியான இடத்தில் கொடுத்தவர் பேசாமல் இருக்கவேண்டும். தின்றவர் தானாக வாயைத் திறப்பார். அதுதான் முறை. அவர் மானத்தை அவரே காப்பாற்ற நாங்கள் இடம் கொடுக்கிறோம். நான் இடம் கொடுத்தேன். மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பொறுப்பாளர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தார். வெளியே யாரோ புல் வெட்டும் சத்தம் கேட்டது.

“நான் திரும்பவும் கேட்கிறேன்” என்றார் அதிகாரி.

பொறுப்பாளர் வாய் திறக்கவில்லை. நான் நிமிர்ந்து, “வீட்டுக்குக் கொண்டுபோனேன்” என்றேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது, முதல் பொதி வீட்டுக்குத்தான் போனது.

அதிகாரி திறந்திருந்த கோப்பை மூடினார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் பெயரில் சேர்க்கப்படும், நிரந்தரம் இப்போது இல்லை, இன்னும் ஒரே ஒரு வருடம் தருகிறோம், அதன் முடிவில் பொறுப்பாளர் எழுதுகிற மதிப்பீட்டைப் பார்த்து முடிவு செய்வோம் என்றார். பொறுப்பாளர் எனக்கு முன்னே எழுந்து போய், எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் கணவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அந்தாள்தான் திண்டதெண்டு சொல்லியிருக்கலாம்தானே?”

“பக்கத்திலைதானே இருந்தவர். அவருக்கு வாய் இல்லையே?”

“உமக்கும் இருந்ததுதானே?”

“தின்னக் குடுத்ததைச் சொல்லிக்காட்டச் சொல்லுறியளோ?”

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். “இல்லை, அப்பிடிச் சொல்லேலாதுதான்” என்றார். பிறகு, “அப்ப விசா?” என்று கேட்டார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

இறைச்சிக்கடைக்கும் கல்லூரி ஒரு கடிதம் அனுப்பியது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். முதலாளி என்னைக் கோபிக்கவில்லை. கல்லூரியைக் கோபித்தார். பிள்ளைகளுக்குக் கொடுத்ததை லஞ்சம் என்றவர்களுக்கு இனி ஒரு சப்பாத்து நாடாவும் கிடையாது என்றார். சொன்னபடியே நின்றார். அடுத்த பருவத்தில் பெட்டைகள் நெஞ்சில் சின்னம் இல்லாத ஒரு நீல ஜேர்சி போட்டுக்கொண்டு ஆடித் தோற்றார்கள்.

ஆனால் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அவரை நான் காப்பாற்றியிருக்கிறேன், அது அவருக்குத் தெரியும், வருட முடிவில் நல்லபடியாக எழுதுவார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு முன்னையதைவிட இரண்டு மடங்கு வேலை செய்தேன். அவரோ மாறிக்கொண்டே போனார். காலையில் வணக்கம் சொல்லும்போது என் தோளுக்கு மேலே எதையோ பார்ப்பார். முன்பு கூப்பிட்டுச் சொல்வதை இப்போது கடதாசித் துண்டில் எழுதி என் மேசைத் தட்டில் போட்டார். மத்தியானத்தில் மேசையில் சாப்பிடுவதை விட்டுவிட்டு மழையென்றாலும் சிற்றுண்டிச்சாலைக்குப் போனார். என்னைக் காணும்போதெல்லாம் அவருக்கு அந்த அறையில் இருந்த தன்னையும் காணவேண்டியிருந்தது போல. அதை நான் வெகு பிந்தித்தான் விளங்கிக்கொண்டேன். கடனைத் தீர்ப்பார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், என்னைக் காணாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தார்.

வருட முடிவில் அவர் எழுதியது இரண்டு வசனம். இந்தப் பணியை இனிப் பகுதிநேர மாணவ உதவியாளர்களைக் கொண்டு செய்யலாம், தனிப் பதவி தேவையில்லை. என்னைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. என்னைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை.

வேலை விடும்போது இங்கே ஒரு நற்சான்றிதழ் தருவார்கள். அதில்லாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது. அவர் தந்ததை வாசித்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உழைப்பாளி, நேரம் தவறாதவர், மாணவர்கள் எல்லாருக்கும் பிடித்தவர், ஆதரவாளர்களோடு நன்றாகப் பழகுகிறவர் என்றெல்லாம் ஒரு பக்கம் முழுக்க இருந்தது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு வயதான பெண் அதை மூக்குக் கண்ணாடியோடு மெதுவாக வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சாவியும் பொருளும் கையாண்ட வேலை. ‘நேர்மையானவர்’ என்ற சொல் இதில் இருக்கவேண்டும். வேண்டுமென்று விட்டால் ஏதோ நடந்தது என்று அர்த்தம். வாசிக்கிற எந்த முதலாளிக்கும் தெரியும். என்ன நடந்தது?”

தாளை வாங்கி நானும் ஒரு தரம் தேடிப் பார்த்தேன், அந்தச் சொல் இல்லை. பிறகு சொன்னேன். பொதி பொதியாகச் சொன்னேன். பொறுப்பாளரின் லாச்சியிலிருந்த மஸ்ரட் குழாயையும் சொன்னேன், தோட்டத்து நெருப்பையும் சொன்னேன், இந்த மாதம் இன்னும் போகவில்லையா என்று அவர் கேட்டதையும் சொன்னேன். சம்பந்தமில்லாத ஒரு மனுசிக்கு முன்னால் இருந்து, நான் கொடுத்து ஒருவர் தின்றதை எல்லாம் எண்ணிச் சொல்லிக்காட்டினேன். சொல்லி முடித்தபோது எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த அருவருப்பு அதிகம்.

“திரும்பிப் போய் அந்தச் சொல்லைப் போடச் சொல்லுங்கள்” என்றார் அந்தப் பெண். “கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.”

கடிதம் எழுதலாம், தொலைபேசலாம். நான் பொறுப்பாளரிடம் நேரில் போனேன், வேறு முறை எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தரம் வடை கொண்டுபோகவில்லை, கதவில் கைவைக்கும்வரை காத்திருக்கவும் இல்லை. உள்ளே போனதும் தாளை மேசையில் வைத்து, எந்தச் சொல் இல்லை என்று சொன்னேன். அவர் காது வரைக்கும் சிவந்துபோனார். ஒன்றும் கேட்காமல் கணினியில் திருத்தி, புதுத் தாளில் அச்செடுத்து, கையெழுத்திட்டார். ‘எல்லாச் சமயத்திலும் நேர்மையானவர்’ என்று இருந்தது. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது.

நான் எழுந்தபோது அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தானும் எழுந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தரம் என் முகத்தை நேரே பார்த்தார்.

“அன்றைக்கு நீங்கள் என் பெயரைச் சொல்லியிருக்கலாம்” என்றார். “சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்கவே மாட்டேன். நீங்கள் சொல்வீர்கள் என்று காத்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் வேறு மாதிரிச் சொன்னதும், உங்களுக்கு ஏதோ காரணம் இருக்கிறது என்று நினைத்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது. பொய் என்றால் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். இருபது வருடத்துக்கு மேலாகியும் எனக்கு ஆறாமல் இருப்பது அது உண்மை என்பதால்தான். அவர் வாயை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், என் வாயை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காத்திருப்பு அன்றைக்கே அந்தப் புல்வெட்டும் சத்தத்தோடு முடிந்தது. நான் காத்திருந்ததற்கு, பிள்ளைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அந்த விசா வரிசையில் இன்னும் நாலு வருடம் நின்றேன்.